பயமில்லாமல் சொன்னாள் அமலராணி

போன வாரம் அமலராணியைக் கோயிலில், பீடத்துக்கு முன்னால், வெறுந்தரையில் உட்கார்ந்தபடி விட்டுவிட்டு வந்தோம்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பூக்கட்டி விற்கும் சவரியம்மாளின் மருமகள் அவள். வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில் வேலை பார்த்தவள். அந்த மில்லின் பஸ்ஸை ஓட்டும் இருதயராஜையே கல்யாணம் செய்துகொண்டவள். இரண்டு முறை வயிற்றில் பிள்ளை வளர்ந்து, பிறக்கும் முன்பே போய்விட்டது. இரண்டு முறையும் தூங்கி எழுந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இது மூன்றாவது. ஒன்பதாம் மாதம்.

‘இதுவும் தங்காது’ என்ற எண்ணம் அவளுக்குள் மில் மெஷின்போல மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண் அயர்ந்தால், ‘தூங்கிட்டியா? போச்சா?’ என்று கேட்கும். சாப்பிட உட்கார்ந்தால், ‘யாருக்காகச் சாப்பிடுற?’ என்று கேட்கும். பயந்து பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்புவார். கடைசியாக அப்படி ஓடிவிட்டு வந்த சாயங்காலம்தான் சவரியம்மாள் வார்த்தையை விட்டுவிட்டாள்.

“ஒம் மனசே அந்தப் பிள்ளையத் தின்னுரும் போலருக்கு!”

அமலராணி நேராகக் கோயிலுக்குப் போனாள். அங்கே அவள் அழகாக ஒன்றும் ஜெபிக்கவில்லை.

“ஆண்டவரே, நல்லதையே நெனைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு வரல. கெட்டதா வர்றத நிறுத்தவும் தெரியல. இந்தாரும், அம்புட்டையும் நீரே வச்சுக்கும். என்னால சொமக்க முடியல. நான் தூங்கணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்தாள். படுத்தாள்.

இன்று சனிக்கிழமை.

~

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. அமலராணிக்கு ஒரு நிமிடம் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. விடிந்த பிறகு எழுந்து எத்தனையோ மாதமாகிறது.

வழக்கம்போல அந்தக் கேள்வி வந்தது. ‘தூங்கிட்டியா? போச்சா?’

அவள் அதோடு சண்டை போடவில்லை. “ஆண்டவரே, இந்தா, வந்துருச்சு. நீரே கேட்டுக்கும்” என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை ஒரு உதை விட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

முன்னறையில் சவரியம்மாள் விடியலிலேயே மார்க்கெட் போய் வந்து, மல்லிகையைக் குவித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் தலைக்கு வைக்கப் பூவளையம் வேண்டும். எல்லாமே சவரியம்மாளின் பொறுப்பு.

மருமகள் வந்து நின்றதும் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நேற்றுச் சாயங்காலம் சொன்ன வார்த்தை இன்னும் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதை எடுத்துப் போட அவளுக்குத் தெரியவில்லை.

“இட்லி மூடி வச்சிருக்கேன். வெஞ்சனம் நேத்தைக் கொழம்புதான்” என்றாள் பூவைப் பார்த்தபடி.

“சரி அத்தை.”

இருதயராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். அந்த வீட்டில் தைரியத்துக்குப் பெயர் அவன்தான். மனைவி அழுதால் சிரிக்க வைப்பான். அம்மா புலம்பினால் அடக்குவான். “ஆண்டவர் பாத்துக்குவார்” என்பது, பஸ்ஸில் ஹாரன் அடிப்பதுபோல, அவன் வாயில் தானாக வரும்.

“என்ன, இன்னைக்கு மொகம் வேற மாதிரி இருக்கு?”

“தூங்கினேங்க.”

“நெசமாவா?” அவன் அம்மாவிடம் திரும்பினான். “கேட்டியாம்மா? தூங்கினாளாம்! நான்தான் சொல்றேன்ல, ஆண்டவர் பாத்துக்குவார்னு. சரி, மத்தியான ஷிப்டு ஆளுகள எறக்கிட்டு வந்துருவேன். வாரேன்.”

அவன் போன பிறகு வீடு அமைதியானது. தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் காயத் தொடங்கியிருந்தது.

~

காலை முழுக்க எண்ணங்கள் வந்தபடியே இருந்தன. துவைத்த துணியை மடிக்கும்போது ஒன்று. வெங்காயம் உரிக்கும்போது ஒன்று. ஒவ்வொன்றையும் அமலராணி அப்படியே கைமாற்றினாள். “இது ஒமக்கு. இதுவும் ஒமக்குத்தான்.”

சவரியம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். “யாருகிட்டத்தா பேசுற?”

“ஆண்டவர்கிட்ட.”

“இப்படியா பேசுவாங்க? கெட்ட நெனப்ப எல்லாம் அவருகிட்டச் சொன்னா பாவமில்லையா?”

அமலராணி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். “சாகுறதுக்கு மொத ராத்திரி அவரும் தோட்டத்துல பயந்து வேர்த்தவர்தானே அத்தை? பயந்தவ பேச்சு அவருக்குப் புரியாதா?”

பெரிய வியாழன்தோறும் ஆண்டவர் தோட்டத்தில் ஜெபிக்கிற சொரூபத்துக்கு மாலை கட்டியவள் சவரியம்மாள். ஆண்டவரே பயந்தார் என்பதை இப்படி வெங்காயம் உரிக்கிற இடத்தில் வைத்து ஒருநாளும் யோசித்ததில்லை.

மத்தியானம் சோறு உண்டபின் அமலராணி பாயில் சாய்ந்தாள். அப்போதுதான் அது நடந்தது.

சத்தம் நின்றுவிட்டது.

மில்லில் எப்போதாவது கரண்ட் போகும். அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நிற்கும். அப்போது காது வலிப்பதுபோல ஒரு அமைதி வரும். பக்கத்தில் நிற்கிறவள் மூச்சுவிடுவது கேட்கும். அப்படி ஒரு அமைதி அவளுக்குள் வந்தது. எந்த எண்ணமும் இல்லை. யாரோ அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

அவள் அசையாமல் படுத்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. அதில் துக்கமே இல்லை.

அந்த அமைதியில்தான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது.

பிள்ளை அசையவில்லை.

அவள் எழுந்து பானைத் தண்ணீரை மொண்டு குடித்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றை மெல்லத் தட்டினாள். காத்திருந்தாள். காலையில் உதைத்த பிள்ளை எப்போதிலிருந்து உதைக்கவில்லை என்று நிதானமாக நினைத்துப் பார்த்தாள். துணி மடித்தபோது அசைந்தது. வெங்காயம் உரித்தபோது லேசாக. அதன்பின் இல்லை.

பழைய குரல் வந்து கத்தும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மனசு தெளிந்த தண்ணீராக இருந்தது. அதன் அடியில் ஒரே ஒரு விஷயம் கல்லைப்போலத் தெரிந்தது: இப்போதே போக வேண்டும்.

எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

“அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

சவரியம்மாளின் மடி நிறைய மல்லிகை. கட்டி முடித்த பூவளையங்கள் ஈரத்துணிக்கு அடியில் வரிசையாக இருந்தன. பாதிகூட முடியவில்லை. மறுபடியுமா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த வார்த்தை அங்கேயே நின்றது.

“பயமா இருக்காத்தா?”

“இல்லத்தை. பயமா இல்ல. அதான் சொல்றேன். பிள்ளை அசையல.”

சவரியம்மாள் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த பூவெல்லாம் தரையில் கொட்டியது. அதன்மேலேயே மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“நூர் அகமது! ஏலே நூர் அகமது! ஆட்டோவ எடுய்யா!”

~

எதிர்வீட்டு நூர் அகமது சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. வண்டியை எடுத்துவிட்டான். வேகத்தடை வரும் இடமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அங்கே மட்டும் வண்டியைத் தொட்டில்போல இறக்கி ஏற்றினான். மற்ற இடத்தில் பறந்தான்.

சவரியம்மாள் ஜெபமாலையைக் கையில் எடுத்திருந்தாள். முதல் மணியைத் தாண்டி விரல் நகரவில்லை. ‘அருள்நிறைந்த...’ என்று தொடங்கித் தொடங்கி நின்றாள்.

“அத்தை.” அமலராணி அவள் கையைப் பிடித்தாள். “வார்த்தை வரலைன்னா விடுங்க. சும்மா ஆண்டவரக் கூப்புடுங்க. போதும்.”

சவரியம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் இந்த ஆட்டோவில் அழுது துடித்துக்கொண்டு வந்தவளும் இவளா? அன்றெல்லாம் ஒன்றுமில்லாததற்கு அழுதாள். இன்று ஏதோ இருக்கிறது என்று தெரிந்தே இப்படி உட்கார்ந்திருக்கிறாள். சவரியம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் இருப்பது தன் மருமகள்தான் என்றாலும், அவளைத் தொட்டுக்கொண்டு இன்னொருவரும் அந்தச் சீட்டில் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டு உட்கார்ந்தாள்.

“ராசுக்குப் போன் போடு” என்றாள்.

அமலராணி புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

“பஸ் ஓட்டிக்கிட்டிருப்பாரு. பாத்துட்டுக் கூப்புடுவாரு.”

ஆஸ்பத்திரி வாசலில் நூர் அகமது வண்டியை நிறுத்தி, “அல்லா பாத்துக்குவான். உள்ள போ தாயி” என்றான்.

பிரசவ வார்டில் நர்ஸ் சுகன்யா அவளைப் பார்த்ததும் பழக்கமான ஒரு சிரிப்பு சிரித்தாள். “என்னக்கா, வந்துட்டீங்களா?”

“சிஸ்டர், காலையில அசைஞ்சது. மத்தியானத்துல இருந்து இல்ல. தண்ணி குடிச்சு, ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்துட்டேன். அசையல.”

அவள் சொன்ன விதத்தில் சுகன்யாவின் சிரிப்பு மறைந்தது. உடனே படுக்கவைத்து, வயிற்றில் பட்டையைக் கட்டி மெஷினைப் போட்டாள்.

குதிரை ஓடுவதுபோல பிள்ளையின் துடிப்பு கேட்டது. சவரியம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். இருக்கிறது! உயிர் இருக்கிறது!

பிறகு அந்தக் குதிரை தளர்ந்தது. நடந்தது. நிற்கப்போவதுபோல இழுத்தது. மறுபடி கொஞ்சம் ஓடியது.

டாக்டர் சபிஹா வந்தார். காகிதத்தில் வரும் கோட்டைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அமலராணியின் தோளில் கை வைத்தார்.

“பிள்ளை கஷ்டப்படுதும்மா. நாம காத்திருக்கக் கூடாது. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துருவோம்.”

“சரிங்க டாக்டர்.”

“ஒங்க வீட்டுக்காரரு?”

“வர்ற நேரம் வரட்டும். நீங்க எடுங்க.”

ஸ்ட்ரெச்சர் நகரும்போது சவரியம்மாள் கூடவே ஓடினாள். கதவுக்கு முன்னால் நர்ஸ் அவளை நிறுத்தினாள். சவரியம்மாள் அமலராணியின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். நாரும் காம்பும் கிள்ளிப் பச்சையேறிப்போன விரல் அது. மல்லிகை மணத்தது.

“போய்ட்டு வாத்தா” என்றாள்.

~

முதுகில் ஊசி போட்ட பிறகு இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. தலைக்கு மேலே பெரிய வட்ட விளக்கு. மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணி. அதற்கு அந்தப்பக்கம் டாக்டரும் மற்றவர்களும் சுருக்கமாகப் பேசிக்கொண்டார்கள்.

“கொடி சுத்தியிருக்கு.”

“ரெண்டு சுத்து.”

“கிளாம்ப் குடுங்க. சீக்கிரம்.”

அதன்பின் யாரும் பேசவில்லை.

இந்த அமைதி அவளுக்குத் தெரியும். இரண்டு முறை இதே மாதிரி ஓர் அறையில் இதைக் கேட்டிருக்கிறாள். பிள்ளை வெளியே வந்த பிறகும் அழுகை வராத அமைதி. அந்த இரண்டு முறைக்குப் பிறகுதான் அந்த எண்ணம் அவளுக்குள் குடிவந்தது. ஒம் பிள்ளை அழாது. ஒனக்கு அது விதிக்கல. நீ கேக்கவே மாட்ட.

அது எப்போதும் உட்கார்ந்திருக்கும் இடத்தை அவள் மனசுக்குள் தேடிப் பார்த்தாள்.

அங்கே வேறு ஒருவர் இருந்தார்.

அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குப் பிற்பாடும் தெரியவில்லை. எதையும் அவள் காணவில்லை. எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் தனியாக இல்லை என்பது, விளக்கு எரிகிறது என்பதைப்போல, அவளுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு எண்ணமாக யாருக்குக் கைமாற்றினாளோ அவர் இங்கே இருந்தார். அவள் கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஒன்றையும் திருப்பித் தராமல் இருந்தார். இப்போது மட்டும் வந்தவராகவும் தெரியவில்லை. பிள்ளைகள் போன அந்த இரண்டு நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறார். சத்தத்தில் தனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

அமலராணியின் உதடு அசைந்தது.

“உம்ம பிள்ளை ஆண்டவரே. எப்படி இருந்தாலும் உம்ம பிள்ளை. நான் உம்மகிட்டத்தான் இருப்பேன்.”

பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் யாரோ எதையோ தட்டும் சத்தம். உறிஞ்சும் சத்தம். இன்னொரு முறை தட்டும் சத்தம்.

பிறகு, புதுத்துணியின் ஓரத்தைக் கிழிப்பதுபோல மெல்லியதாக ஒன்று கேட்டது. நின்றது. மூச்சை இழுத்தது.

அடுத்து வந்த அழுகையில் அந்த அறையே நிறைந்துபோனது.

“பொண்ணும்மா!” என்று டாக்டர் சபிஹா கூவினார். “கேக்குதா? ஒங்க பொண்ணுதான் கத்துறா!”

அமலராணி கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உலகத்தில் வேறெதையும் இனிக் கேட்காவிட்டாலும் போதும் என்பதுபோலக் கேட்டாள்.

~

வெளியே நர்ஸ் சுகன்யா துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்தாள். “பாட்டிம்மா, செத்த நேரம் மொகத்தப் பாத்துக்கங்க. குழந்தைங்க வார்டுல வச்சுப் பாக்கணும். மூச்சு நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல.”

சவரியம்மாள் கையை நீட்டவில்லை. நீட்ட முடியவில்லை. எத்தனையோ வருடமாகச் சொரூபங்களுக்கு மாலை போட்டிருக்கிறாள். மாதா கையில் இருக்கும் பாலனின் கழுத்தில் ஒரு மல்லிகைகூடக் கோணாமல் சாத்தியிருக்கிறாள். அந்தக் கைதான் இப்போது எழவில்லை. சிவந்து சுருங்கிய அந்த முகம் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. கழுத்தில் கொடி இறுக்கிய தடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரித் தரையில் சவரியம்மாள் முழந்தாளிட்டாள். போகிற வருகிற சனம் எல்லாம் ஒதுங்கி நின்றது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் சபிஹாவும் வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

“அம்மா, கொடி இறுகிக்கிட்டே வந்திருக்கு. சாயங்காலம் பாத்துக்கலாம்னு வீட்டுல இருந்திருந்தா நான் எதுவும் செஞ்சிருக்க முடியாது.” அவர் நிறுத்தினார். “ஒண்ணு எனக்கு ஆச்சரியமா இருக்கு. எப்பவும் பதறிக்கிட்டு வருவாங்க. இன்னைக்குத்தான் நெசமாவே ஆபத்து. இன்னைக்குப் பாத்து எப்படி இம்புட்டு நிதானமா வந்தாங்க?”

“எனக்குத் தெரியாதுங்கம்மா. அவளத்தான் கேக்கணும்.”

டாக்டர் கேட்கவும் செய்தார். அமலராணியைக் கட்டிலுக்கு மாற்றிய பிறகு, நாடி பார்க்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

அமலராணிக்கு நாக்கு உலர்ந்திருந்தது. மெல்லச் சொன்னாள்.

“பயத்துல இருந்தப்ப உள்ள ஒரே சத்தம் டாக்டர். பிள்ளை அசைஞ்சாலும் எனக்குத் தெரியாது, அசையலன்னாலும் தெரியாது. தெனமும் செத்துப்போச்சுன்னுதான் தோணும். ஆண்டவர் அந்தச் சத்தத்த வாங்கி வச்சுக்கிட்டாரு. பெறகுதான் பிள்ளையோட நெலமை எனக்குத் தெரிஞ்சுச்சு.”

டாக்டர் சபிஹா கொஞ்ச நேரம் அவள் கையை விடவில்லை.

~

எல்லாரும் வந்து பார்த்துவிட்டார்கள். நூர் அகமதுகூட வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போய்விட்டான். இருதயராஜை மட்டும் காணவில்லை.

சவரியம்மாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே வேப்பமரத்தடியில் மில் பஸ் நின்றுகொண்டிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை.

இறங்கிப் போனாள். பஸ் காலியாக இருந்தது. டிரைவர் சீட்டில் இருதயராஜ் ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

“ஏலே! இங்க என்னடா பண்ற? பொம்பளப் பிள்ளடா! நல்லா இருக்குடா! வா, வந்து பாரு!”

“நூர் அண்ணன் சொன்னாரும்மா.”

“சொன்னாரா? பெறகு?”

“நான் வரலம்மா.”

சவரியம்மாளுக்குப் புரியவில்லை. படியேறி அவன் பக்கத்தில் போனாள். தைரியத்துக்குப் பெயர்போன மகனின் முகம் சாம்பல்போல் வெளிறிக் கிடந்தது.

“மொத ரெண்டையும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். துணியில சுத்திக் குடுத்தாங்க. கல்லறைத் தோட்டம் வரைக்கும் இந்தக் கையிலதான் இருந்துச்சு. அவளப் பாக்க விடக்கூடாதுன்னு நானே தனியாப் போனேன்.” அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். “அந்தக் கனம் இன்னும் போகலம்மா. இந்தக் கையால நான் இதத் தொட மாட்டேன். நான் தொட்டா ஏதாவது ஆயிரும்.”

“என்னடா பேசுற? நீதானடா எங்களுக்கெல்லாம்...”

“ஆண்டவர் பாத்துக்குவார்னு சொன்னேன். தெனமும் சொன்னேன்.” அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். “நான் ஒருநாளும் நம்பலம்மா.”

சவரியம்மாள் இத்தனை நாள் அந்த இருட்டு மருமகளிடம் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்தாள். சிரித்துச் சிரித்து வீட்டைத் தூக்கி நிறுத்தியவன் அதைவிடப் பெரியதைச் சுமந்துகொண்டு பஸ் ஓட்டியிருக்கிறான்.

மேலே வந்து மருமகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அமலராணி கையை நீட்டினாள். “அவர வையாதீங்க அத்தை. போனக் குடுங்க.”

மணி அடித்தது. எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.

“என்னங்க, பயமா இருக்கா?”

“ம்.”

“இருக்கட்டும். பயம் போனாத்தான் வரணும்னு யாரு சொன்னா? நான் பயத்தோடதான் கோயிலுக்குப் போனேன். ஆண்டவரு தொரத்தல.”

“கை இன்னும் கனக்குது அமலா.”

“தெரியுங்க. நீங்க மட்டும் தனியாத் தூக்கிட்டுப் போனீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அந்தப் பக்கம் அவன் அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டிராத அழுகை. அவள் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பஸ் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

“அமலா, நான் மேல வர்றதுக்கு முன்னால ஒரு எடத்துக்குப் போகணும். செத்த நேரம் குடு.”

எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. “போயிட்டு வாங்க. ரெண்டு பேருகிட்டயும் தங்கச்சி வந்திருக்கான்னு சொல்லுங்க.”

ஜன்னலில் நின்ற சவரியம்மாள், மகன் பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடி, சாலையோரமாகக் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் நடப்பதைப் பார்த்தாள். திண்டுக்கல் வெயில் அப்போதுதான் தணிய ஆரம்பித்திருந்தது.

அவன் போனைத் துண்டிக்கவில்லை. இவளும் துண்டிக்கவில்லை. பஸ் ஹாரன்கள் கேட்டன. யாரோ ஒரு வியாபாரி கூவியது கேட்டது. பிறகு சந்தடி குறைந்து, சருகுமேல் நடக்கும் அவன் காலடி மட்டும் கேட்டது.

அமலராணி ஒருநாளும் பார்த்திராத அந்த இடத்தின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

அதன்பின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“என்னத்தா ஆச்சு? பேசுறானா?” என்று சவரியம்மாள் கிசுகிசுத்தாள்.

அமலராணி உதட்டில் விரலை வைத்தாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

(தொடரும்)